களிமண் கிருமிகள்

"கண்ணில கட்டின துணிக்குள்ளால பாக்கக் கூடாது, யூலிற்றாக்கா."

"பாக்கேல்லையடா தம்பி. நண்டைத் தடவியே ஆணோ பெண்ணோ எண்டு சொல்லுறனான். உன்ர களிமண் உருண்டை என்ன பெரிய காரியமே?"

யூலிற்றா தட்டில் கிடந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கடலுக்குப் போக வழியில்லாமல் போன பிறகு, தண்ணீரூற்று மருந்தகத்தில் மலேரியாக் கிருமி பார்க்கப் பழகிய நாலு பெண்களில் அவளும் ஒருத்தி. கிருமி பார்க்கும் நுணுக்குக்காட்டி வவுனியா இராணுவச் சாவடியில் மறிபட்டு எட்டு மாதம். அது வரும்வரைக்கும் விஜிதரன் இப்படிக் களிமண்ணை வைத்து விளையாட்டாகத்தான் அவர்களைப் பழக்கினான்.

"இது வெறும் உருண்டை, நல்ல இரத்தம். இது... கல்லு வச்ச மோதிரம் மாதிரி. கிருமி."

"சரி. இப்ப நீங்கள்தான் கிருமி. இரத்தத்துக்குள்ள எப்பிடிப் பூருவியள்?"

யூலிற்றா தோளைக் குறுக்கி, பக்கத்தில் நின்றவளை இடித்துக்கொண்டு நுழைந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாற்பது வயதில என்னைக் கிருமியாக்கிப்போட்டாய். கம்பசில படிக்கேக்க உன்னையும் இப்பிடித்தான் ஆட்டினவையோ?"

விஜிதரன் துணியை அவிழ்த்துவிட்டான். "மனதில பாக்காட்டி, கண்ணால பாத்தும் விளங்காதக்கா."

அன்று மத்தியானம் நிவாரண லொறியில் பெட்டி வந்து இறங்கியது. நுணுக்குக்காட்டி.

மருந்தகத்து வாங்குப் பலகையில் அழகம்மா மகள் சிவரூபியை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். நாலு நாளாகக் காய்ச்சல். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பிள்ளைகள், எல்லாருக்கும் காய்ச்சல். அலுமாரியில் ஒரு பிள்ளைக்குப் போதுமான மலேரியாக் குளிசைதான் மிச்சம். கிருமியைக் கண்டால்தான் கொடுக்கலாம்.

சிவரூபியின் விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு வைத்தார்கள். யூலிற்றா குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தாள்.

"தம்பி, எல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு. மோதிரத்தைக் காணேல்லை."

"ஆறுதலாப் பாருங்கோ."

"சாயமோ, தூசியோ, கிருமியோ, எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. நீ பார்."

விஜிதரன் குனிந்தான். திருகைக் கூட்டினான், குறைத்தான். அடிக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினான். மறுபடியும் குனிந்தான்.

"இருக்குதுங்களா சார்?" அழகம்மா எழும்பி வந்தாள். "புள்ளைக்குக் கண்ணு சொருகுதுங்க."

அவன் நிமிரவேயில்லை.

"சொல்லன் தம்பி," யூலிற்றா அவன் தோளைப் பிடித்தாள். "கம்பசில எத்தினை தரம் பாத்திருப்பாய்."

"கம்பசுக்கு எடுபட்டது மட்டுந்தானக்கா. வவுனியா தாண்டிப் போறதுக்குப் பாஸ் தரேல்லை," என்றான் அவன். "நானும் இண்டைக்குத்தான் முதன்முதலாப் பாக்கிறன்."