இன்னும் ஒரு வருஷம்

"பெட்ரோல் டேப்பைத் திறக்காம கயிறை இழுத்தா எப்படிம்மா ஸ்டார்ட் ஆகும்?"

சுபஸ்ரீ மேடம் கேட்டதும் லூர்துராணிக்கு மானமே போயிற்று. நடவு மெஷின் முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றவள் ராசாத்தி. நேற்றுகூட அதே மெஷினை அக்கக்காகப் பிரித்துப் பூட்டியவள்! பரீட்சை என்றால் யாருக்கும் பயம்தான். அதற்காக இப்படியா?

லால்குடிப் பக்கத்துப் பெண்கள் குழு அது. வெளிநாட்டு உதவியில் மெஷின் வந்தது. ஓட்டவும் பழுது பார்க்கவும் சொல்லித்தரச் சம்பளத்துக்கு லூர்துராணியைப் போட்டார்கள். பயிற்சி பலித்ததா என்று பார்த்து, பணம் கொடுத்தவர்களுக்கு எழுத மேடம் வந்திருக்கிறார்.

பெண்கள் தேறினால் மெஷின் குழுவுக்கே சொந்தம். அதோடு பயிற்சி முடிந்தது. லூர்துராணியின் வேலையும் முடிந்தது. நர்சிங் படிக்கிற மகள் பெலிண்டாவின் ஃபீஸை நினைத்து அவளுக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனாலும் காலையில் பூண்டி மாதாவிடம் இவர்கள் தேற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தாள்.

"அடுத்து யாரு?"

ஜோதி வந்தாள். பாய்போல் ஒட்டி வளர்ந்த நாற்றை மெஷின் தட்டில் கவிழ்த்து வைத்தாள். வேர் மேலே, பச்சை கீழே.

"ஏன்டி, கண்ணு தெரியலையா?" லூர்துராணி பல்லைக் கடித்தாள். ஜோதி தலையைச் சொறிந்தாள்.

மேடம் கார் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "வருத்தப்படாதீங்க. இன்னும் ஒரு வருஷம் பயிற்சி வேணும்னு எழுதிடறேன். நீங்களே சொல்லிக் கொடுங்க. அதுவரைக்கும் மெஷின் இங்கயே ஓடட்டும், ஆனா ஆபீஸ் பேர்லயே இருக்கட்டும்."

"சரிங்க மேடம்."

கார் போனதும் லூர்துராணி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டை வறளக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதுகுக்குப் பின்னால் மெஷின் உறுமியது. ஒரே இழுப்பில்.

திரும்பினாள். ராசாத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். நூல் பிடித்தாற்போல் மெஷின் நாற்றை வரிசையாக ஊன்றிக்கொண்டே போனது. ஜோதி அடுத்த நாற்றுப் பாயைச் சரியாகச் சுருட்டி எடுத்து வந்தாள்.

லூர்துராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"நிறுத்து! இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"நாத்து வாடிடும்ல, டீச்சர்."

"விளையாடாத ராசாத்தி. வேணும்னே பண்ணீங்களா? மெஷின் உங்களுக்கே சொந்தமாகியிருக்குமே, பாவிங்களா! இருங்க, மேடத்தைத் திரும்பக் கூப்பிடறேன்."

போனை எடுத்தவளின் கையை, சேற்றுக் கையோடு பிடித்துக்கொண்டாள் ராசாத்தி.

"மெஷின் எங்க போயிடப் போவுது, டீச்சர்? பெலிண்டா படிச்சு முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்குல்ல?"