டேப்பா, டவுன்லோடா?

அந்தப் பெரிய கணினிக் கூடத்தைக் கணவனும் மனைவியுமாகப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டார்கள். இருமி இருமியே அவர் இறந்து மூன்று வருடமாக அவள் ஒருத்திதான். பேச்சுத் துணைக்கு ஏசியின் இரைச்சல்.

வருடா வருடம் மென்பொருள் கம்பெனி கேட்கும்: புதுப் பதிப்பை டேப்பில் பதிந்து கூரியரில் அனுப்பவா, டவுன்லோடு செய்துகொள்கிறீர்களா? அவர் இருந்தவரை டேப்தான். டேப் ஓட்டும் இயந்திரத்தையே போன மாதம் கழற்றி எடுத்துப் போய்விட்டதால், இம்முறை அவள் டவுன்லோடு என்று குறித்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலை கூரியர்காரர் வந்தார். பெட்டியில் ஒரு டேப் இருந்தது. அவரை நிற்கவைத்துவிட்டு அவள் கம்பெனிக்கு போன் செய்தாள்.

"நீங்க டவுன்லோடுன்னுதான் போட்டிருந்தீங்க மேடம்," என்றாள் ஆர்டர் எடுக்கும் பெண். "உங்க சார்தான் நேத்து கூப்பிட்டு டேப்பா மாத்திட்டாரு."

"எந்த சார்?"

"பேச்சுக்குப் பேச்சு இருமுவாரே, அவருதான். 'அவ நாள் முழுக்கத் தனியா கெடக்கா, யாராவது வந்து கதவைத் தட்டட்டும்மா'ன்னாரு."

அவள் போனை வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். கூரியர்காரர் நகரவில்லை.

"இன்னும் என்னங்க?"

அவர் கூச்சத்தோடு சீட்டை நீட்டினார். குறிப்புக்கான கட்டத்தில் அச்சாகியிருந்தது: 'பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரவும்.'

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா பேசலாம்?" என்றார்.