கடைசிப் பெயருக்கு முன்

அச்சகத்துக் கணினித் திரையில் அப்பாவின் மரண அறிவிப்பு ஒளிர்கிறது: ‘துயருறும் மனைவி, மகள், மற்றும் மகன்.’ கீழே மூவரின் பெயர்கள். “‘மற்றும்’தான் இருக்கே, அதுக்கு முன்னாடி எதுக்குடா கமா?” என்று அக்கா திரையை விரலால் தட்டுகிறாள். “இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கென்ன?” என்கிறான் தம்பி. அழுது வீங்கிய கண்களோடு இரண்டும் மல்லுக்கு நிற்கின்றன. மூலை ஸ்டூலில் அம்மா முந்தானையை மடியில் நீவியபடியே சொல்கிறாள்: “சண்டையை விடுங்க. அப்பாவுக்கு இன்னொரு மகளும் இருக்கா. அவ பேரும் வரணும்.” அக்காவின் விரல் கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறது. தட்டச்சு செய்பவர் தொழில் பழக்கத்தில் கேட்டுவிடுகிறார்: “இவங்களுக்கு மூத்தவங்களா, சின்னவங்களாம்மா? வரிசைப்படி போடணும்.” அம்மா முதன்முறையாக அக்காவை நிமிர்ந்து பார்க்கிறாள். “ரெண்டு பேருக்கும் ஒரே வயசு.”