மொட்டைச் சுவர்

"கலினா, அவ நம்ம ஜன்னலை போட்டோ எடுக்குறா!"

மெத்தோடி திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பக்கத்துக் காலிமனையில் அளவு நாடாவும் கையுமாக நின்றிருந்தாள் ராதோஸ்தினா. அங்கே வரப்போகும் கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவள்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறா. அட மனுஷா, திருடன் மாதிரி ஏன் ஒளியுற?" என்றாள் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி கலினா.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? ரூசே நகரத்தில் காலிமனையை ஒட்டிய சுவர் ஜன்னல் எதுவும் இல்லாமல் மொட்டையாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கு அதை ஒட்டி இன்னொரு வீடு வரும் என்று கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன் கலினா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, மெத்தோடி யாரையும் கேட்காமல் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டார். அவளுக்கு வானம் என்று இருப்பது அது ஒன்றுதான்.

"நேத்து கீழ இருந்து என்கிட்ட பேசினா. நல்ல பொண்ணு. 'எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பீங்க அக்கா'ன்னு கேட்டா."

"நீ சொல்லிட்டியா?"

"ஜன்னல் பக்கம்னு சொன்னேன். அதுல என்ன ராணுவ ரகசியம்?"

"உளவு பாக்குறா, தெரியலையா? வீடு வந்தா நம்ம ஜன்னல் போச்சு. அதுக்கு முன்னாடியே போட்டுக்கொடுத்து அபராதமும் வாங்கி வெப்பா."

"பழைய மெத்தையும் பூனையுமாக் கிடந்த மனை. ஆறு சின்ன வீடு வருது. குறைஞ்ச வாடகைக்கு நர்ஸு, பஸ் ஓட்டுறவங்க வருவாங்க. ஆளில்லாமதானே நம்ம தெரு ரொட்டிக் கடையையே மூடினாங்க? வரட்டும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெத்தோடியும் இருபத்தெட்டு வருடம் டிராலி பஸ் ஓட்டியவர்தான். ஆனால் அது வேறு, இது வேறு.

மறுநாள் வேலியில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். கீழ்வீட்டு ஸ்தாமெனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். மெத்தோடி வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சின்னச் சதுரம். எதற்கு என்று ஒரு எழுத்துகூட இல்லை.

"என்ன இது?"

"புகைபோக்கி. வேற என்ன? ஏழைக்கு வீடுன்னு சொல்லிட்டு, கீழ கறி சுடுற கடை போடப்போறா. இல்லாட்டி எதுக்கு இவ்வளவு இடத்தை வீணாக்குறா? நல்ல காரியம்னா எழுதியிருப்பாளே!"

மெத்தோடிக்கு அப்போதே கறிப்புகை நாற்றம் அடித்தது. நேராகக் கலினாவின் மூக்குக்குத்தானே வரும்! ஜன்னல் எப்படியும் போகப்போகிறது, சுவர் வழியாகப் புகை வேறு வரவேண்டுமா? இதைச் சொல்லி முழுத் திட்டத்தையே கவிழ்த்துவிட வேண்டும்.

ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பத்தொன்பது கையெழுத்து சேர்ந்தது.

நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் ஆட்சேபணையைப் படித்துவிட்டு ராதோஸ்தினாவைப் பார்த்தாள்.

"இந்தச் சதுரம் எதுக்கு?"

"காத்து, வெளிச்சத்துக்கு."

"உங்க கட்டடத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னலே இல்லையேம்மா. யாருக்கு வெளிச்சம்?"

ராதோஸ்தினாவின் முகம் சிவந்தது. மெத்தோடியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட வந்திருந்த ஸ்தாமென் மெத்தோடியின் விலாவில் இடித்தார். "முழிக்கிறா பாரு!"

அதிகாரி மெத்தோடியிடம் திரும்பினாள். "ஐயா, உங்க சுவத்துல ஜன்னல் ஏதாவது இருந்தா இந்த இடத்தை விட்டுத்தான் ஆகணும். அது எப்ப வெச்சதுன்னு நாங்க நோண்ட மாட்டோம். ஊர்ல பாதிப் பேர் வெச்சிருக்காங்க. இருக்கா?"

மெத்தோடிக்குக் குப்பென்று வியர்த்தது. போட்டோவைக் காட்டிவிட்டாள்! தேன் தடவிக் கேட்டு, வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள். அவரா ஏமாறுவார்?

"இல்லவே இல்லம்மா. மொட்டைச் சுவர்! ஒரு ஆணி அடிச்ச ஓட்டைகூட இல்ல."

"அண்ணே..." என்று ராதோஸ்தினா எழுந்தாள்.

"நீ சும்மா இரும்மா! அம்மா, எழுதிக்குங்க. கையெழுத்தே போட்டுத் தரேன்."

போட்டும் கொடுத்தார். அதிகாரி சிவப்புப் பென்சிலால் சதுரத்தை அடித்தாள்.

"ஐயா, உங்க ஆட்சேபணை சரிதான். நீங்க சுவரோட சுவரா ஒட்டிக் கட்டிடுங்கம்மா. மத்தபடி திட்டத்துக்கு அனுமதி."

திட்டம் கவிழவில்லைதான். ஆனாலும் ஸ்தாமென் முதுகில் தட்டிக்கொடுத்தபோது மெத்தோடிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெளியே நடைவழியில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த ராதோஸ்தினாவிடம் போய் நின்றார்.

"என்னம்மா, புகைபோக்கி போச்சா?"

"புகைபோக்கியா?" ராதோஸ்தினா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எதுக்குன்னு எழுதினா உங்க ஜன்னலைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னுதான் எழுதல. கலினா அக்கா தலைமாட்டுக்கு நேரா வானம் தெரியட்டும்னு விட்ட இடம் அண்ணே அது."