ஈரப்பாசி

மேகம் மரங்களுக்குள் புகுந்து நிற்கிறது. ஆந்திஸ் மலைச்சரிவில், பாசி மூடிய கிளையில், இன்னும் பெயர் வைக்கப்படாத ஆர்க்கிட் பூ மஞ்சளாகத் தொங்குகிறது. இந்தச் செடி இங்கே மொத்தமே ஆறுதான். காட்டுக் காவலில் இருக்கும் தெல்ஃபினா அரிவாளை ஊன்றிக்கொண்டு, இதை முதன்முதலாக விவரித்து எழுதிப் பெயர் வைக்க வந்த ஆய்வாளன் என்று சொல்லிக்கொள்ளும் எர்னானைக் கவனிக்கிறாள். அவன் இதழை அளக்கிறான், மொபைலில் ஏதோ சொல்லிப் பதிகிறான். பிறகு வேர் காயாமல் சுற்றிவைக்க ஈரப்பாசியை உருட்டிக்கொண்டு, வேரைக் கிளையிலிருந்து மெல்ல நெம்புகிறான்.

"பழைய பேப்பர் எங்க டாக்டர்? போன வருசம் வந்தவங்க வேற பூவை வெட்டி, பேப்பருக்குள்ள வச்சு நசுக்கித்தான் கொண்டுபோனாங்க" என்கிறாள். "இவ்வளவு அழகை நசுக்க மனசு வருமாக்கா?" என்கிறான் அவன். "செத்த பூவுக்குத்தான் பேர் வைப்போம்னு அவங்க சொன்னாங்களே. செடியை உயிரோட கேக்கறவன் அதை விக்கச் சந்தையில நிப்பானாம்." அவன் சிரிக்கிறான். சிரிப்பு கொஞ்சம் நீள்கிறது. இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. அவள் அரிவாள் நுனியால் பூத்தண்டை அறுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறாள்.

"இந்தாங்க. எழுதறதுக்கு இது போதும்."

அவன் பூவைப் பார்க்கவில்லை. கிளையில் பாதி நெம்பிய வேரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.