எதிர் நாற்காலி

வலது கையை உடம்பை ஒட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்ப வேண்டும். மணிக்கட்டை மெல்ல மடக்க வேண்டும்.

பிறகு தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.

இடப்பக்கம்தான் கேரம் போர்டு இருந்தது.

கிளப்பின் சுவரோரம் நின்றபடி அவள் தலையைச் சாய்த்தாள். தாழத் தொங்கிய விளக்கின் அடியில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் ரோகிணி. மற்ற இரண்டு நாற்காலிகளில் பயிற்சிக்கு வந்த யாரோ.

அந்த எதிர் நாற்காலி, சுவரோரம் நின்ற அவளுடையது.

இரட்டையர் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து அவள் பார்த்துவந்தது ஜெசிந்தாவின் முகத்தை. சந்தேகம் வந்தால் ஜெசிந்தாவுக்கு இடது புருவம் ஏறும். சிவப்புக் காய் விழுந்துவிடும் என்று நம்பினால், கழுத்துச் செயினில் தொங்கும் சிலுவையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

அது சைகையா என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. அது யாருக்கு என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

ரோகிணி சிவப்புக் காயைக் குறிபார்த்தாள்.

சிலுவை பல்லுக்குப் போனது.

சுவரோரம் நின்றவளுக்கு முன்கையில் வலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவனம் அங்கே போயிருக்கும்.

போன மழைக்காலத்தில் தொடங்கிய வலி. முழங்கைக்கு நாலு விரல் கீழே. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும்போதெல்லாம் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தது போல ஓர் ஓட்டம். கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகும். ஜெசிந்தாவிடம்தான் முதலில் சொன்னாள். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்த நேரம்.

"ஆட ஆட சரியாப்பூடும்டி," என்றாள் ஜெசிந்தா. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படித்தான் நம்பினாள்.

ஆடினாள். இறுதிச் சுற்றில் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றது. அதன் பிறகு தோசையைத் திருப்பக்கூட முடியவில்லை.

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுக்கும் அம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "ஆட ஆடவா? எவம்மா உனக்கு இத சொன்னது? மொத தடவ சுர்ருன்னப்பவே கைய கொஞ்ச நாள் சும்மா வெச்சிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டியே."

தசைக்கு நடுவில் நரம்பு இறுகிக் கிடக்கிறது என்றார். அதை இழுக்கக் கூடாது, நழுவ விட வேண்டும். வலி தொடங்க ஒரு நூல் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

அவள் சொன்னபடி செய்தாள். துணி பிழிவதை விட்டாள். குடத்தை இடது இடுப்புக்கு மாற்றினாள். கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிற வழக்கத்தை விட்டாள். வெந்நீரில் நனைத்த துண்டு. காலையும் மாலையும் இந்தக் கைப்பயிற்சி. ஓட்டம் முதலில் விரலிலிருந்து பின்வாங்கியது. பிறகு மணிக்கட்டிலிருந்து. ஒரு காலை பல் தேய்த்து முடித்த பிறகுதான், கையைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது உறைத்தது.

அதற்குள் ரோகிணி வந்துவிட்டாள்.

"உனுக்கு சரியாவுற வரைக்கும்தான்," என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். சரியாகிவிட்டது என்று போன வாரம் போய் நின்றபோது, "இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்கோடி, இன்னா அவசரம்," என்றாள். குரலில் அக்கறை இருந்தது. கண் போர்டில் இருந்தது.

மாநிலப் போட்டிக்கு ஜோடியின் பெயரை ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். ஜெசிந்தாவோடு யார் பெயர் என்று கிளப்பில் ஒருவரும் பேசவில்லை.

சிவப்புக் காய் விழுந்தது.

ரோகிணி சிரிக்கவில்லை. போர்டிலிருந்து கையை எடுத்து மடிக்குக் கொண்டுபோய் உதறினாள். இடது கட்டைவிரல் வலது முன்கையைத் தடவிக்கொண்டே போய், முழங்கைக்கு நாலு விரல் கீழே நின்று, அழுத்தியது.

சுவரோரம் நின்றவள் சாய்த்த தலையை நிமிர்த்தினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஜெசிந்தா காய்களை நடுவில் அடுக்கத் தொடங்கினாள். சிலுவை இன்னும் பல்லில்தான் இருந்தது. மற்ற இருவரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள். ரோகிணி நாற்காலியில் இருந்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"யக்கா, இங்க சுர்ருன்னு ஏறுது. உனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுதா?"

கேட்ட முகத்தில் பயம் இருந்தது. நம்பிக்கையும் இருந்தது.

கிட்டே போய் அந்தக் கையை வாங்கி, உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பி, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று காட்டிவிடலாம். இன்றைக்கு நிறுத்திக்கொள் என்று சொல்லலாம். ரோகிணிக்குச் சீக்கிரமே சரியாகிவிடும்.

சீக்கிரமே.

"ஆட ஆட சரியாப்பூடும்," என்றாள் அவள்.

ரோகிணி தலையாட்டினாள். நிம்மதியாகப் பவுடரை எடுத்துப் போர்டில் தூவினாள்.

காய் அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

ஜெசிந்தா நிமிர்ந்து சுவரோரம் பார்த்தாள். பல்லிலிருந்து சிலுவை நழுவி விழுந்தது.

அந்த முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியும்.

படிக்காமல் தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.