ஆறு மொழி சமியுல்லா

"தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது பாய் இவருக்கு," என்றாள் நர்ஸ் தர்ஷினி. "அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்."

சமியுல்லா கட்டிலைப் பார்த்தார். காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் வைத்த இட்லி காய்ந்து கிடந்தது.

"ரோட்டோரமா விழுந்து கிடந்தாருன்னு கர்நாடகா லாரிக்காரர் ஒருத்தர் முந்தாநாள் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு. நான் என்ன கேட்டாலும் முழிக்கிறாரு. கால்ல ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போடப் போட அப்புறம் நடக்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. பேரு, ஊரு, சர்க்கரை இருக்கா, எதுவுமே தெரியாம எப்படிப் பண்றது? சாப்பிடவும் மாட்டேங்கிறாரு."

"வேற யாரும் பேசிப் பாக்கலியா?"

"நேத்து வாட்ச்மேன் திம்மராயண்ணன் வந்து பக்கத்துல உக்காந்து கன்னடத்துல பேசினாரு. அப்ப மட்டும் கொஞ்சம் பால் குடிச்சாரு. பதில் சொல்லல."

"திம்மராயன் பேசறது நல்ல கன்னடம்மா. என்னுது கலப்படம். ஒருவேளை கலப்படம்தான் இவருக்குப் பிடிக்குமோ என்னமோ."

சமியுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர். ஆறு மொழி தெரிந்தவர் என்று மூக்கண்டப்பள்ளி முழுக்க அவருக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவர்தான். மனைவி கௌசர் மட்டும், "ஆறுலயும் ஆரம்பிப்பாரு, ஒண்ணுலயும் முடிக்க மாட்டாரு" என்பாள்.

மனதுக்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் கன்னடத்தில் தொடங்கினார். பெயர் கேட்டார். ஊர் கேட்டார். பெரியவர் கூரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பதில் இல்லை.

கேட்க வேண்டியது தீர்ந்துபோனது. அப்படியே எழுந்து போக மனசு வராமல், சமியுல்லா அதே கன்னடத்தில் சொந்தக் கதைக்கு வந்தார்.

"நாங்க இருந்தது லைன் வீடுங்க. மாடியில கன்னடம், பக்கத்துல தெலுங்கு, எதிர்ல உருது, எங்க வீட்டுல தமிழ். சின்ன வயசுல நான் கீழ விழுந்தா உடனே அழ மாட்டேன். எந்த வீட்டுல நல்ல குழம்பு வாசனை வருதுன்னு பாத்துட்டு, அந்த வீட்டு பாஷையில அழுவேன்."

கன்னடத்தில் புறப்பட்ட வாக்கியம் தெலுங்கில் போய் நின்றது. தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. கம்பெனியிலயும் இதே கதைதான். நான் திட்டினா, பாய் வாழ்த்துறாருன்னு பசங்க கும்பிட்டுட்டுப் போறாங்க."

வந்தது வந்துவிட்டோம் என்று தெலுங்கிலேயே தொடர்ந்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்ததையும், விடை சரியாக இருந்தும் அடி விழுந்ததையும் சொன்னார்.

அதற்குள் ஆஸ்பத்திரி ஆயா கெம்பம்மா தரை துடைத்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டாள். "போர்வை தொங்குது பாருங்க, நனைஞ்சிரும்," என்றாள் தலையை நிமிர்த்தாமலே. பெரியவரின் கை போர்வையை மேலே இழுத்துக்கொண்டது. அடுத்த தெலுங்கு வாக்கியத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த சமியுல்லாவுக்கு இதையெல்லாம் பார்க்க நேரமில்லை.

பிறகு உருதுவில் நலம் விசாரித்தார். இந்தியில் கெஞ்சினார். சாப்பாட்டின் அவசியத்தை ஆங்கிலத்தில் விளக்கப் போய், பாதியில் இலக்கணம் கைவிட்டதும் இட்லியைப் பிட்டு மென்று காட்டினார். பெரியவரின் மீசை லேசாக அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது. சமியுல்லா எழுந்தார்.

"தோத்துட்டேன் தர்ஷினி. ஆறு பாஷைக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். அல்லா இன்னிக்கு நல்லாக் குட்டு வெச்சான்."

கிளம்பப் போனவர் குனிந்து, போர்வையைப் பெரியவரின் தோள்வரை இழுத்துப் போர்த்தினார். எப்படியும் புரியப்போவதில்லை என்று தமிழிலேயே சொன்னார்.

"நாளைக்கும் வரேன் பெரியவரே. பேசறதுக்கு பாஷை ஒண்ணும் மிச்சமில்ல. சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

திரும்பி நடக்கப் போனவரின் சட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தார். பெரியவரின் விரல்கள் சட்டை நுனியைப் பிடித்திருந்தன.

"பேரு நாராயணப்பன். ஊரு கெலமங்கலம்," என்றார் பெரியவர், பிசிறில்லாத தமிழில். "சர்க்கரை இருக்குது. வீட்டுல சொல்லி அனுப்பறதுக்கு ஆளு யாரும் இல்ல. டாக்டரை ஆபரேஷன் பண்ணச் சொல்லு பாப்பா. அதுக்கு முன்னாடி ரசஞ்சோறு இருந்தா கொஞ்சம் குடு."

தர்ஷினி கட்டிலை நோக்கிக் குனிந்தாள். "தமிழ் தெரியுமா ஐயா? அப்புறம் ஏன் இத்தனை நேரம் வாயே திறக்கல?"

பெரியவர் சமியுல்லாவின் சட்டையை இன்னும் விடவில்லை.

"தெரியும்னு சொல்லியிருந்தா இவரு வந்திருப்பாரா?"